காற்றைத் தேடிப் போகிறவர்கள்

சோளகக் காலத்தில் கற்பிட்டிப் பக்கம் வந்து போன சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும். மே மாதம் பிறந்துவிட்டால் அங்கே காற்று ஓய்வதில்லை. முற்றத்துக் கொடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டு வேலியில் கிடக்கும். பானையை மூட மறந்தால் சோற்றோடு மணலும் சேர்ந்துவிடும். மீன்பிடித் தொழில் செய்யும் வீடுகளுக்கு அவை கடன் மாதங்கள். நினைத்த நாளில் கடலுக்குப் போக முடியாது. போனவர் திரும்பி வரும்வரை வீட்டில் இருப்பவருக்கு நிம்மதி கிடையாது.

இந்தக் காற்றுக்காகவே விமானம் ஏறி வருகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது என் உம்மா நம்பவில்லை. "காத்துக்குப் பயந்து ஓடுறது தெரியும். காத்தைத் தேடி ஓடுறதா?" என்று சிரித்தார்.

ஆனால் வருகிறார்கள். பெரிய பட்டம் ஒன்றை வானில் பறக்கவிட்டு, காலில் பலகையோடு கடனீரேரியின் மேல் வழுக்கி ஓடுகிறார்கள். ஊர்ப் பொடியன்மார் பலருக்கு அங்கே வேலையும் கிடைத்திருக்கிறது. என் தங்கையின் மகனும் அவர்களில் ஒருவன். வயது பத்தொன்பது. பட்டங்களைக் கழுவிக் காயவைப்பதும், விழுந்தவர்களைப் படகில் ஏற்றி வருவதும் அவனுடைய வேலை.

ஒருநாள் இஷாவுக்குப் பிறகு தங்கை வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"நானா, இவன் இப்ப தானும் தண்ணியில இறங்கப் போறானாம். பழகினா ஆசிரியர் வேலை தருவாங்களாம். நான் சொல்லிக் கேக்கிறானில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவன்ட வாப்பாவைக் கடல் எடுத்தது போதாதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. மத்ரஸாவில் இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது என் தொழில். ஆனாலும் அந்த வீட்டில் கடலைப் பற்றிப் பேசும்போது நாக்கு எழும்புவதில்லை. அதற்குக் காரணம் என் மச்சான்.

பதினைந்து வருடங்களுக்கு முந்திய கதை. அது வாடைக் காலம். கடும் காற்று வீசலாம், மீனவர்கள் கடலுக்குப் போகவேண்டாம் என்று வானொலியில் அறிவித்தார்கள். மச்சான் போகவில்லை. காற்று வரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே அறிவித்தார்கள். மழை மட்டும் பெய்தது. மூன்றாம் முறை அறிவித்தபோது கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. நான்காம் முறை அறிவித்தபோது மச்சான் சிரித்தார். "அவங்க சொல்ற காத்து எப்பவும் வேற ஊருக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் படகு கிடைத்தது. மச்சான் கிடைக்கவில்லை. அப்போது மருமகனுக்கு நான்கு வயது.

அந்த நாளிலிருந்து எனக்குக் கடலின் மீது கோபமில்லை. காலநிலை அறிவித்தலின் மீதுதான் கோபம். மூன்று முறை பொய் சொன்னதால்தானே நான்காம் முறை அவர் நம்பவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஊரில் யாராவது அறிவித்தலைப் பற்றிக் கேட்டால், "நாளைக்கு நடப்பது யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது தவக்குலைப் போலத் தோன்றினாலும் உள்ளே இருந்தது கசப்புத்தான்.

தங்கைக்காக, அடுத்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மருமகன் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அங்கே அறுபது வயது தாண்டிய ஒரு பிரெஞ்சுக்காரர் காற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகன் பழகிய ஆங்கிலமும் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்து எங்கள் பேச்சை நடத்தின. இளமையில் அவர் பட்டத்தோடு ஓடியவரல்ல, பாயோடு ஓடியவராம். வின்ட்சேர்பிங் என்கிறார்கள். ஒரு பலகையின் மேல் பாய்மரம் நிற்கும். அது எந்தப் பக்கமும் சாயும்படி பொருத்தப்பட்டிருக்கும். சுக்கான் கிடையாது. நின்றபடியே பாயை இரு கையாலும் பிடித்து, அதைச் சாய்த்தே திசை மாற்றவேண்டும். அதிலும் அவருடைய ஆசை வேகம். புயல் காற்று எங்கே வரும் என்று தேடி, பாயையும் பலகையையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்களில் அவரும் ஒருவர்.

அவரிடம் கேட்டதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்த வேகச் சாதனை 500 மீற்றர் தூரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. அளவு நொட். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். 1986 இல் புவேர்ட்டவென்டுரா தீவில் பஸ்கால் மகா என்பவர் 38.86 நொட் வேகத்தில் ஓடியபோது, அதுவரை பெரிய பாய்ப்படகுகளின் கையில் இருந்த உலகச் சாதனை முதன்முறையாக ஒரு சிறு பலகைக்குப் போனது.

அதற்குமேல் போவதற்கு ஒரு தடை இருந்தது. வேகத்துக்குப் பலமான காற்று வேண்டும். ஆனால் பலமான காற்று அலையை எழுப்பும். அலையில் வேகமாக ஓட முடியாது. புயல் காற்றும் வேண்டும், தட்டுப்போலத் தண்ணீரும் வேண்டும் என்றால் எங்கே போவது? தென் பிரான்சின் செந்த் மரி எனும் கடற்கரை ஊரில் இதற்கென்றே ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றை வெட்டினார்கள். அலை எழும்பத் தேவையான அகலம் அதில் கிடையாது. 1988 நவம்பரில் எரிக் பீல் அங்கே 40.48 நொட் ஓடி, 40 என்ற எல்லையைத் தாண்டினார். 1993 இல் தியரி பியலக் 45.34 நொட் ஓடினார். பின்னர் ஆபிரிக்காவின் நமீபியா நாட்டில், லூடரிட்ஸ் என்ற ஊரிலும் அப்படி ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. அங்கே ஒரு பக்கம் குளிர்ந்த கடல், மறுபக்கம் கொதிக்கும் பாலைவனம். அந்த வெப்ப வேறுபாடே பலமான தென் காற்றை எழுப்புகிறது. 2015 நவம்பர் 2 ஆம் திகதி அந்த வாய்க்காலில் அன்துவான் அல்போ என்ற பிரெஞ்சுக்காரர் 53.27 நொட் ஓடினார். மணிக்கு 98 கிலோமீற்றருக்கும் மேல். எஞ்சின் இல்லை, ஒரு பாய் மட்டும்.

சகோதரிகள் கேட்பீர்கள், இதில் பெண்கள் இல்லையா என்று. இருக்கிறார்கள். பிரித்தானியாவைச் சேர்ந்த ஸாரா டேவிஸ் 2012 இல் லூடரிட்ஸில் 45.83 நொட் ஓடினார். 1993 இல் உலகத்திலுள்ள எல்லாப் பாய்க்கலங்களுக்கும் மேலாக நின்ற பியலக்கின் வேகத்தைவிட அது அதிகம். 2017 இல் அவரே தம் வேகத்தை 46.49 ஆக உயர்த்தினார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. 53 நொட் வேகத்தில் 500 மீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஏறத்தாழ 18 விநாடி. அந்தப் 18 விநாடிக்காக எவ்வளவு நாள் காத்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"வாரக்கணக்கில். சில வருடம் முழுவதும்" என்றார்.

வாய்க்கால் ஒரே திசையில் கிடக்கிறது. காற்று அதற்குச் சரியான கோணத்தில் வரவேண்டும். சில பாகை திசை மாறினாலும் வேகம் போய்விடும். தென் பிரான்சில் மிஸ்ட்ரல் என்று ஒரு குளிர் காற்று, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும். அது நாளை வரும் என்று முன்னறிவிப்புப் பார்த்து, இரவெல்லாம் வாகனம் ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், கரையில் கொடிகூட அசையாமல் நிற்குமாம். இன்னொரு நாள், வராது என்று வீட்டில் இருந்தபோது வந்து வீசிவிட்டுப் போயிருக்குமாம்.

வேகத்துக்கல்லாமல் புயலின் அலைகளுக்காகவே ஓடுகிறவர்களும் உண்டு. 2013 இல் 'ஸ்ட்ரோம் சேஸ்' என்று ஒரு போட்டி தொடங்கியது. போபர்ட் அளவுகோலில் 10 ஆம் எண் காற்று, அதாவது 48 நொட்டுக்கு மேற்பட்ட புயல் காற்று இருந்தால்தான் போட்டி. அதற்குத் திகதியோ இடமோ குறிப்பது எப்படி? வானிலை அறிஞர்கள் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புயல் உருவாகிறது என்று தெரிந்ததும் போட்டியாளருக்குச் செய்தி போகும். அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறுவார்கள். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் பிரண்டன் குடாவில், அவ்வருட ஆகஸ்டில் தஸ்மேனியாவில், 2014 பெப்ரவரியில் இங்கிலாந்தின் கோர்ன்வோலில் என்று ஒரே போட்டியை முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அடுத்த போட்டி மீண்டும் அயர்லாந்தில் நடந்தபோது 2019 மார்ச் ஆகிவிட்டது.

என் மனதில் இருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "இத்தனை முறை ஏமாற்றிய முன்னறிவிப்பை அடுத்த முறையும் ஏன் நம்புகிறீர்கள்?"

பிரெஞ்சுக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்புவதில்லை. எடை போடுகிறேன்."

அந்தச் சொல் என்னை எங்கள் அரபுக் கல்லூரியின் வகுப்பறைக்கே கொண்டுபோனது. யகீன், ளன்னு, ஷக்கு, வஹ்மு என்று அறிவின் படிகளைப் பிரித்து உஸ்தாத் படிப்பித்தது நினைவுக்கு வந்தது. யகீன் உறுதியான அறிவு. ஷக்கு இரு பக்கமும் சமமான சந்தேகம். ஒரு பக்கம் சாய்ந்து கனத்தால் அது ளன்னு. மற்றப் பக்கத்து மெலிந்த எண்ணம் வஹ்மு. மனிதருடைய நடைமுறைக் காரியங்களில் பெரும்பாலானவை ளன்னின் மீதுதான் நடக்கின்றன. இதை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான், காலநிலை அறிவித்தலிடம் மட்டும் யகீனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது தராதபோது பொய் என்று பெயர் வைத்தேன்.

வானிலையில் யகீன் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. 1961 இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை இரண்டாம் முறை ஓட்டினார். 0.506127 என்று இட வேண்டிய இடத்தில் சுருக்கமாக 0.506 என்று இட்டார். அந்த அற்ப வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து, சிறிது காலத்துக்குப் பின் இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வானிலைகளைக் காட்டின. காற்றையும் வெப்பத்தையும் உலகம் முழுவதும் துல்லியமாக அளந்து முடிக்க மனிதனால் ஆகாது. ஆகவே தொடக்கத்தில் சிறு பிழை எப்போதும் இருக்கும். நாள் செல்லச் செல்ல அது பெருகும்.

இதற்கு அறிஞர்கள் கண்ட வழி, ஒரு கணக்கை மட்டும் நம்பாமல் இருப்பது. ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு மையம் 1992 முதல், தொடக்க அளவுகளைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல கணக்குகளை ஓட்டி வருகிறது. பிற்காலத்தில் அது ஐம்பது கணக்கானது. ஐம்பதில் முப்பது புயலைக் காட்டினால், புயலுக்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று பொருள். அப்படியானால் வராமல் போக நாற்பது வாய்ப்பு உண்டு. வராமல் போனால் அறிவித்தல் பொய்யில்லை. புயலைத் தேடி ஓடுகிறவர்கள் இந்த ஐம்பதும் ஒன்றாகச் சேர்கின்றனவா, சிதறி நிற்கின்றனவா என்று பார்த்துத்தான் விமானச் சீட்டு வாங்குகிறார்களாம்.

முன்னறிவிப்பின் மீது கோபப்பட்ட முதல் ஆள் நானில்லை என்பதும் படிக்கையில் தெரிந்தது. 1859 ஒக்டோபரில் 'ரோயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் இறந்தார்கள். அதன்பின் ரொபர்ட் பிட்ஸ்ரோய் என்ற கடற்படை அதிகாரி, 1861 இல் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கை அடையாளங்களை ஏற்றும் முறையைத் தொடங்கினார். பிழைத்த எச்சரிக்கைகளுக்காகப் பலரும் அவரைக் கேலி செய்தார்கள். 1865 இல் அவர் மனமுடைந்து இறந்தார். அடுத்த ஆண்டு எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கடலோரத்து மக்கள் அவற்றை மீண்டும் கேட்டார்கள். 1867 இல் எச்சரிக்கைகள் திரும்பி வந்தன. பிழைக்கும் எச்சரிக்கையாவது வேண்டும், எச்சரிக்கையே இல்லாத கடல் வேண்டாம் என்று கேட்டவர்கள் கடலுக்குப் போகிறவர்கள்தான்.

பிரெஞ்சுக்காரர் எழுந்து போகுமுன் ஒன்று சொன்னார். "காற்று இரண்டு மடங்கானால் பாயில் விழும் பலம் நான்கு மடங்கு. இதை மறக்கிறவன் நீண்ட காலம் ஓடமாட்டான். பாயைச் சிறிதாக்கத் தெரியவேண்டும். அதற்குமேல் காற்று வந்தால் கரையில் இருக்கத் தெரியவேண்டும். நான் ஓடிய நாட்களைவிடக் கரையில் இருந்த நாட்கள் அதிகம்."

அன்றிரவு தங்கையின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மாவும் அங்கே இருந்தார். காற்றைத் தேடிப் போகிறவர்களே காற்றுக்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள், எத்தனை முறை ஏமாந்தாலும் அடுத்த முறையும் அறிவித்தலைக் கேட்கிறார்கள், வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். மச்சானும் நான்காம் முறை காத்திருந்திருந்தால் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினேன். நான் நிறுத்தியது தங்கைக்குப் புரிந்துவிட்டது.

"அவங்களுக்குக் காத்திருக்க ஏலும் நானா" என்றாள். "வீட்டில சோறு இருக்கு. இவன்ட வாப்பா அறிவித்தலை நம்பாமலா போனார்? அன்றைக்குக் காலையில வீட்டில அரிசி இருக்கல. மூன்று முறை கரையில இருந்ததில கடைக்காரரும் கடன் தரமாட்டேன் என்றிட்டார். சிரிச்சிட்டுப் போனது எனக்குப் பயம் வராம இருக்கத்தான்."

பதினைந்து வருடம் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. உம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலை குனிந்திருந்தேன். பதினைந்து வருடம் நான் வானொலியைக் குற்றம் சொன்னேன். பக்கத்துத் தெருவில் இருந்த தங்கையின் அரிசிப் பானையை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் முன்னறிவிப்பு உதவுகிறது. நமீபியாவில் வாய்க்கால் ஓரம் காற்றுக்காக உட்கார்ந்திருப்பவனுக்கும், வாடைக் காலத்தில் வலையோடு கரையில் நிற்பவனுக்கும் அறிவித்தல் ஒன்றுதான். முதலாமவன் ஒரு நாளைத் தவறவிட்டால் அவனுக்குப் போவது ஆசை. இரண்டாமவன் தவறவிட்டால் போவது அன்றைய உணவு.

மருமகன் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தோம். அவன் பழகட்டும். ஆனால் தினமும் காலையில் அறிவித்தலைப் பார்த்து, அன்றைய காற்று எவ்வளவு என்று உம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். உயிர்காப்பு அங்கியும் மீட்புப் படகும் இல்லாமல் இறங்கக்கூடாது. அவன் சம்மதித்தான். தங்கை முழு மனதோடு சம்மதித்தாளா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை மாதம் ஒருநாள் அவன் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். நானும் அங்கே இருந்தேன். "இன்றைக்குக் காத்து அளவுக்கு மேல, மாமா. நான் இறங்கல. அந்த வயசான பிரெஞ்சுக்காரரும் கரையிலதான்" என்றான். தங்கை ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அவனுக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய கை நடுங்காமல் கோப்பையை நீட்டியதை நான் கவனித்தேன்.

இப்போது அந்த வீட்டு அலுமாரியில் ஒரு பால்மா டின் இருக்கிறது. மூடியில் ஓட்டை போட்டிருக்கிறாள். மகனின் சம்பளத்தில் ஒரு பங்கும், தான் தைத்துச் சம்பாதிப்பதில் ஒரு பங்கும் அதில் விழும். பக்கத்து வீட்டு மீனவப் பெண்கள் நால்வரும் அவளைப் பார்த்து அப்படி ஒரு டின் வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிக்கிற நாட்களில் மட்டும் அதைத் திறப்பதாக அவர்களுக்குள் பேச்சு. காற்று வந்தாலும் சரி, வராமல் போனாலும் சரி, அன்று அந்த வீட்டு ஆண்பிள்ளை கரையில் இருப்பான்.

உம்மா வழமைபோல மாலையில் வானொலியைத் திருப்பி அறிவித்தலைக் கேட்கிறார். சென்ற வாடைக் காலத்தில் ஒருநாள், சொன்ன காற்று வரவில்லை. டின்னைத் திறந்து அரிசி வாங்கியாகிவிட்டது. நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"வராட்டி நல்லதுதானே மகன்" என்றார்.